கரைவலையும் ஸ்விங் இசையும்

திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டையின் கடற்கரை மணல் கருமை படர்ந்தது. இல்மனைற் முதலான விலைமதிப்புள்ள கனியங்கள் அதில் செறிந்து கிடக்கின்றன. 1957ஆம் ஆண்டில் இலங்கை அரசு அம்மணலுக்கென ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. மணல் கப்பலேறிப் பிற நாடு செல்கின்றது. அங்கே அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள் வெள்ளைச் சாயமாகின்றது. சுவர்ப்பூச்சுத் தகரங்களில் அடைபட்டு அச்சாயம் மீண்டும் நம் கடைத்தெருவுக்கு வந்து சேர்கின்றது. மணலை அள்ளிக் கொடுத்த கையே பூச்சைக் காசு கொடுத்து வாங்கும் கையாகவும் இருக்கின்றது. இடையில் விளைந்த ஊதியம் எவர் கைக்குப் போயிற்று என்பது அரசியற் பொருளாதாரம் பயிலும் மாணவர் அறிந்த கதை.

பண்டங்களுக்கு மட்டுமன்று, பாட்டுகளுக்கும் இத்தகைய பயணம் உண்டு. எங்கோ ஒரு மக்கட் கூட்டத்தின் உழைப்பிலே பிறந்த தாளம், வேறெவரோ முத்திரை குத்திய சரக்காக உலகைச் சுற்றி வருகின்றது. 1930களில் அமெரிக்காவில் தழைத்த 'ஸ்விங்' எனும் பெருங்குழு இசை அத்தகையதொன்று. அதன் பொற்காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. எனினும் அவ்விசைத்தட்டுகளை இன்றும் உலகெங்கும் கேட்கின்றனர். அக்காலத்துக்கு அரை நூற்றாண்டின் பின் பிறந்த இளைஞர்கள் அதற்கு ஆடப் பழகுகின்றனர். இந்த நெடுவாழ்வுக்குக் காரணம் யாது?

'பழமையின் மீதுள்ள ஏக்கம்' என்பர் சிலர். தாம் வாழ்ந்தறியாத காலத்துக்காக ஒருவர் ஏங்குவதெங்ஙனம்? 'எளிய மெட்டு, துள்ளும் தாளம்' என்பர் வேறு சிலர். எளிய மெட்டுகள் ஆண்டுதோறும் ஆயிரம் பிறந்து ஆயிரம் மடிகின்றனவே! விடையைத் தேட வேண்டிய இடம் நடன மண்டபமன்று. கடற்கரை என்பது நம் கருத்து. புல்மோட்டையின் கரையிலிருந்தே தொடங்குவோம்.

கரைவலை

கிழக்குக் கரையில் சோளகக் காலம் கடல் அடங்கிக் கிடக்கும் காலம். அப்போது கரைவலை வளைப்பர். தோணி ஒன்று வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுக்கொண்டே சென்று மீளும். கயிற்றின் இரு தலைப்புகளும் கரையில் நிற்கும் இரு கூட்டத்தார் கையில் இருக்கும். இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வலையை இழுத்துவர, இறுதியில் மீன் நிறைந்த மடி கரையேறும். ஒருவர் முந்தினாலும் பயனில்லை, ஒருவர் பிந்தினாலும் பயனில்லை. எல்லாருடைய காலும் ஒரே நொடியில் மணலில் ஊன்ற வேண்டும். எல்லாருடைய தோளும் ஒரே நொடியில் பின்சாய வேண்டும்.

அந்த ஒருமையைத் தருவது பாட்டு. அதனை அம்பா என்பர். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார்; கூட்டம் ஒரே குரலில் மறுமொழி தரும். மறுமொழி மாறாது, 'ஏலேலோ' போன்றதொரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். எடுத்துக் கொடுப்பவரின் அடி மாறிக்கொண்டே இருக்கும். அதில் தெய்வம் வரும், காதல் வரும், கடன் வரும், கூலி குறைத்த சம்மாட்டியும் வருவார். மாறாத கூட்டுக்குரல், அதன் மேல் மாறிக்கொண்டேயிருக்கும் தனிக்குரல்: இதுவே அம்பாவின் அமைப்பு. இழுப்பவரின் மூச்சும் எடையும் வகுத்துக் கொடுத்த அமைப்பு அது.

இவ்வமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டு நாம் இப்போது அத்திலாந்திக் கடலின் மேற்குக் கரைக்குச் செல்வோம்.

பருத்திக் காட்டிலிருந்து நடன மண்டபத்துக்கு

ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் உழைத்தபோதும், பின்னர் இருப்புப்பாதை போட்டபோதும், சிறைக் கூட்டங்களாகக் கல்லுடைத்தபோதும் பாடினார்கள். ஒருவர் அழைக்க, மற்றவர் விடையளிக்கும் பாட்டு. கோடரி விழும் நொடியும் சம்மட்டி விழும் நொடியும் அதன் தாளமாயின. தேவாலயத்தில் அதே முறை வழிபாட்டுப் பாடலாயிற்று. அடிமை முறை ஒழிந்தபின் தனிமனிதத் துயரைப் பாடிய 'புளூஸ்' பாடலிலும் அது தங்கிற்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில் பாண்டு வாத்தியங்களோடு கலந்து ஜாஸ் என்னும் பெயர் பெற்றது.

தெற்கின் கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பிக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் சிக்காகோ, நியூ யோர்க் முதலிய வடநகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது இசையும் உடன் சென்றது. நகரத்து நடன மண்டபம் பெரிது. ஐந்தாறு பேர் ஊதினால் கேளாது. எனவே குழு பெருத்தது. 1924 முதல் நியூ யோர்க்கின் ரோஸ்லாந்து மண்டபத்தில் வாசித்த பிளெச்சர் ஹென்டர்சனின் குழுவே இப்பெருங்குழுவின் இலக்கணத்தை வகுத்தது எனலாம். ஹென்டர்சனும் டொன் ரெட்மனும் வாத்தியங்களை அணிகளாகப் பிரித்தனர். ட்ரம்பெட், ட்ரொம்போன் ஆகிய பித்தளைக் கருவிகள் ஓரணி. சாக்ஸபோன், கிளாரினெட் மற்றோர் அணி. பியானோ, கிற்றார், பேஸ், முரசு ஆகியவை தாள அணி. ஓரணி அழைத்தது, மற்றோர் அணி விடையளித்தது. வயற்காட்டில் ஒருவருக்கும் கூட்டத்துக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் பதினைந்து பேர் கொண்ட குழுவுக்குள்ளே நிகழலாயிற்று. அணிகள் ஓயும் இடத்தில் ஒரு கலைஞர் எழுந்து நின்று தன் மனத்தில் அந்நொடி பிறந்ததை வாசிப்பார். 1924இல் ஹென்டர்சன் குழுவில் சேர்ந்த லூயி ஆம்ஸ்ட்ரோங் அவ்வாறு எழுந்து நின்றபோது, தனிவாசிப்பு எத்தகைய உயரத்தை எட்டலாம் என்பதை நகரம் அறிந்தது.

கன்சாஸ் நகரில் வளர்ந்த கவுன்ட் பேசியின் குழு இன்னும் ஒருபடி மூலத்தை நெருங்கி நின்றது. அக்குழுவின் புகழ்பெற்ற உருப்படிகள் பல தாளில் எழுதப்பட்டுப் பிறந்தவையல்ல. ஒருவர் ஒரு சிறு தொடரை ஊத, அணியினர் அதைப் பற்றிக்கொண்டு திருப்பித் திருப்பி ஊத, மற்றோர் அணி அதற்கு எதிர்த்தொடர் அமைக்க, கூட்டுப் படைப்பாக அவை உருவாயின. மாறாத தொடரின் மேல் மாறும் தனிக்குரல் என்று மேலே அம்பாவைப் பற்றிக் கூறியதை வாசகர் நினைவுகூர்க.

'ஸ்விங்' என்ற சொல்லுக்கு ஊசலாடுதல் என்று பொருள். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரு சம பாகமாக வெட்டாமல், முன்பாகத்தை நீட்டிப் பின்பாகத்தைக் குறுக்குவர். நம் தாள முறையில் கூறுவதாயின், அட்சரத்தைத் திச்ரமாக மூன்றாய்ப் பகுத்து, முதலிரண்டையும் ஒன்றாக இணைத்து மூன்றாவதைத் தனியே தட்டுவதற்கு ஏறக்குறைய இணையானது. தாளம் விழும் இடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ எடுத்துப் பாடும் அதீத, அனாகத எடுப்புகளை நம் இசை அறியும். ஸ்விங் இசையிலும் தனிவாசிப்பாளர் தாளத்தோடு இவ்வாறு இழுபறி நடத்துவார். தாள அணி அசையாது. அவர் விலகுவார், மீள்வார். கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே உடலைச் சாய்த்து நிமிர்த்துவது போன்றது அது. கேட்பவரின் காலும் தோளும் தாமே அசைவதற்கு இதுவே காரணம்.

உடைமை யாருடையது?

இவ்விசையைப் படைத்தவர்களின் நிலை யாது? 1927இல் டியூக் எலிங்டன் நியூ யோர்க்கின் கொட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கினார். ஹார்லம் என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பிலே அமைந்திருந்த அம்மன்றத்தின் மேடையில் கறுப்பினக் கலைஞர் ஏறலாம்; பார்வையாளராக அவர்தம் உறவினர் உள்ளே நுழைய முடியாது. அரங்கின் அலங்காரமே பழைய பருத்தித் தோட்டத்தை நினைவூட்டுவதாக இருந்தது. அடிமைத்தனம் அங்கே பொழுதுபோக்காக விற்கப்பட்டது.

1929இல் வெடித்த பொருளாதார நெருக்கடியில் இசைத்தட்டு வாணிகம் சரிந்தது; குழுக்கள் சிதறின. 1934இல் ஹென்டர்சனின் குழுவும் கலைந்தது. பணமின்றித் தவித்த அவர் தாம் எழுதி வைத்திருந்த இசையமைப்புகளை வெள்ளையரான பென்னி குட்மனுக்கு விற்றார். 1935 ஆகஸ்ட் 21ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பலோமர் மண்டபத்தில் குட்மனின் குழு அவ்வமைப்புகளை வாசித்தபோது இளைஞர் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஸ்விங் யுகம் அன்றிரவு பிறந்ததாக இசை வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. 'ஸ்விங் மன்னர்' என்ற பட்டம் குட்மனுக்குக் கிடைத்தது. அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய ஒரு பாட்டை எலிங்டன் 1932லேயே பதிவு செய்திருந்தார் என்பதையும், மன்னரின் கையிலிருந்த தாள்கள் ஹென்டர்சனுடையவை என்பதையும் பத்திரிகைகள் பேசவில்லை. புல்மோட்டை மணல் நினைவுக்கு வருகின்றதன்றோ?

குட்மனைக் கொள்ளைக்காரராகச் சித்திரித்து முடிப்பதும் நேர்மையாகாது. வறிய யூதத் தையல் தொழிலாளியின் மகன் அவர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் அமர்வது வழக்கமற்ற நாளில், 1936இல் டெடி வில்சனையும் லயனல் ஹாம்டனையும் தம்முடன் மேடையில் அமர்த்தினார். ஹார்லத்தின் சவோய் மண்டபத்தில் இரு நிறத்தாரும் ஒரே தரையில் கலந்து ஆடினர். சட்டம் பிரித்ததைத் தாளம் சேர்த்தது. சுரண்டலும் தோழமையும் ஒரே இசையில் பின்னிக் கிடந்தன என்பதே உண்மை.

அத்தோழமையை அரசியலாக உணர்ந்தவர்களும் இருந்தனர். 1938 டிசம்பர் 23ஆம் நாள் நியூ யோர்க்கின் கார்னகி மண்டபத்தில், வழிபாட்டுப் பாடல் முதல் ஸ்விங் வரை கறுப்பின மக்களின் இசை வரலாற்றை ஒரே மாலையில் எடுத்துக்காட்டும் கச்சேரியொன்று நடந்தது. பேசியின் குழுவும் அதில் வாசித்தது. ஏற்பாடு செய்தவர் ஜோன் ஹாமண்ட். பொருளுதவி செய்தது 'நியூ மாசஸ்' என்னும் இடதுசாரிச் சஞ்சிகை. பெரும் வாணிக நிறுவனங்கள் செய்யத் துணியாததை ஓர் இடதுசாரி ஏடு செய்தது.

ஆசிரியர்களான நம் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. நிறவெறிக் கும்பல்கள் கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிட்டுக் கொன்ற கொடுமையை 1937இல் ஒரு கவிதையாக எழுதியவர் ஏபல் மீரோபோல் என்னும் நியூ யோர்க் பள்ளியாசிரியர். அது முதலில் வெளிவந்தது ஆசிரியர் சங்கத்தின் ஏட்டில். அவரே அதற்கு இசையமைக்க, 1939இல் பில்லி ஹொலிடே அதனைப் பாடிப் பதிவு செய்தார். பின்னணி வாசித்த குழுவின் தலைவர் பிராங்கி நியூட்டன் என்னும் ட்ரம்பெட் கலைஞர், பொதுவுடைமைவாதி. பிற்காலத்தில் எரிக் ஹொப்ஸ்போம் என்னும் மார்க்சிய வரலாற்றாசிரியர் ஜாஸ் விமரிசனம் எழுதப் புகுந்தபோது 'பிரான்சிஸ் நியூட்டன்' என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டது இக்கலைஞரின் நினைவாகவே. 1959இல் ஜாஸ் பற்றிய அவரது நூலும் அப்பெயரிலேயே வெளியாயிற்று.

இருபுறத்துப் பகை

இடதுசாரிகள் அனைவரும் இவ்விசையை இவ்வாறு வரவேற்கவில்லை. 1928இல் மாக்சிம் கோர்க்கி இதனைக் கொழுத்தவர்களின் இசை என்று பழித்துக் கட்டுரை எழுதினார். கோர்க்கியின் மீது நாம் கொண்ட மதிப்பு பெரிது. ஆயினும் இத்தாலியில் அவருடைய செவியில் விழுந்தது உல்லாச விடுதியிலிருந்து வந்த ஒலி. அவ்வொலியை வாங்கியவர்களை அவர் கண்டார், ஆக்கியவர்களைக் காணவில்லை. அவ்வாதத்தைப் பிடித்துக்கொண்ட அதிகாரிகள் சோவியத் நாட்டில் பின்னாளில் இவ்விசைக்கு இழைத்த இடர் சிறிதன்று. போருக்குமுன் உத்தியோசவ் போன்றோரின் குழுக்களை அந்நாட்டு மக்கள் கொண்டாடினர். போருக்குப்பின் காற்று மாறிற்று. எடி ரொஸ்னர் என்னும் புகழ்பெற்ற குழுத் தலைவர் 1946இல் கைதாகி, 1954 வரை தண்டனை முகாமில் கிடந்தார்.

மறுபுறத்தில் நாசிகள். 1935இலேயே ஜெர்மன் வானொலியில் ஜாஸ் தடை செய்யப்பட்டது. தடையை மீறி ஹாம்பர்க் நகரில் ஸ்விங் இசைக்கு ஆடிய இளைஞர்களை 1941இல் இரகசியப் பொலிசார் கூட்டம் கூட்டமாகப் பிடித்தனர். சிலரை வதைமுகாம்களுக்கு அனுப்பினர். 1943இல் ஜப்பானிய அரசும் தன் நாட்டில் இவ்விசையை விலக்கிற்று. கறுப்பினத்தார் ஆக்கி, யூதர் பலர் வாசித்து, எல்லா நிறத்தாரும் கூடி ஆடிய இசை நாசிகளின் கண்ணில் முள்ளாய்த் தைத்ததில் வியப்பில்லை. மேலிருந்து வரும் கட்டளைக்கு அடிவைத்து நடக்கும் அணிவகுப்பு இசைக்கு நேர் எதிரான அமைப்பு ஸ்விங்கினுடையது. இங்கே ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு தனிமனிதனின் குரலை நெரிப்பதில்லை. தனிக்குரல் உண்டு, அது கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. கூட்டமாய் இயங்கியும் தன்னை இழவாத மனிதனை அவ்விசையில் நாம் கேட்கின்றோம்.

அரக்கும் போர்க்கப்பலும்

இத்தகைய இசை நம் கடலுக்கு வந்தது எவ்வாறு? ஏகாதிபத்தியத்தின் கப்பலில் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. பின்வாங்கிய கடற்படை 1944 தொடக்கத்தில் பெருந்தொகையாகத் திரும்பிற்று. 'சரட்டோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் 'ரிஷலியு' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலும் அவ்வாண்டு திருகோணமலையிலிருந்து புறப்பட்டே சுமாத்திராவைத் தாக்கின. துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் பன்னாட்டுப் படையினர் நிறைந்தனர். அப்படையினரின் இசை ஸ்விங். கப்பற் பாண்டுக் குழுக்கள் அதை வாசித்தன. கிராமபோன் அதைச் சுழற்றிற்று. படையினருக்கான வானொலி அதைப் பரப்பிற்று.

அந்த இசைத்தட்டு எதனால் ஆனது? அரக்கினால். சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விட்டுச் செல்லும் பிசினை ஆதிவாசி மக்கள் சுரண்டிச் சேர்த்தனர். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் மிகப் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே சென்றது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டு ஆலைகளுக்குரிய அரக்கின் அளவை 70 சதவீதம் குறைத்ததும், பழைய தட்டுகளைக் கொடுத்தாலே புதிய தட்டு என்ற நிலை அங்கு வந்தது. ஆகவே எலிங்டனும் பேசியும் ஊதிய காற்று நிலைத்து நின்றது இந்தியக் காட்டு மக்களின் உழைப்பின் மேல். அவ்வரக்கைச் சேர்த்தவர்களின் சொந்தப் பாட்டு எத்தனை தட்டுகளில் பதிந்தது என்று கேட்டால் நம் தலை தாழ்கின்றது.

ஆபிரிக்கத் தாளம் இக்கரையை அடைந்தது அதுவே முதன்முறையுமன்று. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் ஆபிரிக்க மக்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் புத்தளத்திலும் கிழக்கிலும் உள்ளனர். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கீசப் பாட்டும் கலந்து பிறந்த கப்பிரிஞ்ஞாவும் பைலாவும் இந்நாட்டு மக்களின் கால்களில் ஊறியிருந்தன. ஆக, அடிமைக் கப்பலில் ஒருமுறையும் போர்க்கப்பலில் ஒருமுறையுமாக ஒரே கண்டத்தின் மூச்சு இருவேறு வழியாக வந்து இங்கே சந்தித்தது. ஸ்விங் இந்நாட்டவர்க்கு முற்றிலும் அந்நியமாக ஒலித்திருக்க நியாயமில்லை.

படைகள் போயின, கருவிகள் எஞ்சின. தென்கிழக்காசியக் கட்டளைப் படையினருக்கென ஒலிபரப்பி வந்த 'ரேடியோ சியாக்' நிலையம், ஏக்கலையிலிருந்த ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவியுடன் 1949இல் இலங்கை அரசின் கைக்கு மாறிற்று. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்புத்துறை அமைச்சரான கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தம் வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, தமிழகம் முதல் இமயம் வரை மக்கள் கொழும்பை நோக்கி முள்ளைத் திருப்பினர். படையினருக்கு ஆட்ட இசை தந்த அதே கருவி தேநீர்க்கடைகளில் தமிழ்ப் பாட்டாய் ஒலித்தது.

அச்சினிமாப் பாட்டுக்குள்ளேயும் ஸ்விங் குடிபுகுந்திருந்தது. பம்பாயின் தாஜ்மகால் விடுதிக்கு 1935இல் லியோன் அபியின் கறுப்பினக் குழு வந்தது. பின்னர் வந்த டெடி வெதர்போர்ட் கல்கத்தாவில் குழு நடத்தி, 1945இல் அங்கேயே வாந்திபேதியில் மடிந்தார். இவர்களிடம் தொழில் கற்றவர்களில் பலர் கோவாக்காரர். பங்குக் கோயிற் பள்ளிகளில் இசைக்குறியீடு பயின்றவர்கள். மதுவிலக்கு வந்து விடுதிகள் ஒளி மங்கவே அவர்கள் படப்பிடிப்பு நிலையங்களை நாடினர். மெட்டமைத்தவர் பாடிக் காட்ட, அதைக் குறியீட்டில் எழுதி அணி பிரித்துப் பெருங்குழுவை ஒலிக்கச் செய்தவர்கள் இவர்களே. 'பம்பாயின் ஆம்ஸ்ட்ரோங்' எனப்பட்ட சிக் சாக்லெட் 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தில் சி. ராமச்சந்திராவின் இசைக்குத் துணை நின்றார். அதே ராமச்சந்திரா 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்தார். 1964இல் விசுவநாதன்–ராமமூர்த்தி இணையர் 'புதிய பறவை'க்கு அமைத்த பாடல்களில் பித்தளை அணியின் வீச்சைக் கேட்டவர் மறவார். ஆயினும் கோவாக் கலைஞர்களின் பெயரைப் படத்தின் தலைப்பெழுத்துகளில் காண்பது அரிது. ஹென்டர்சனின் விதி இங்கும் தொடர்ந்தது.

முடிவும் தொடர்ச்சியும்

பெருங்குழுக்களை வீழ்த்தியது மக்களின் சலிப்பு என்று கூறுவோர் கணக்கேட்டைப் புரட்டவில்லை. இசைத்தட்டும் காசு போட்டால் பாடும் பெட்டியும் வாத்தியக்காரரின் வேலையைப் பறித்தன. பதிவு செய்தவருக்கு மறு ஒலிபரப்பில் சல்லிக்காசு இல்லை. 1942 ஆகஸ்ட் 1ஆம் நாள் அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. இரண்டாண்டுகளுக்கு மேல் நீடித்த போராட்டத்தின் முடிவில், விற்கும் தட்டுக்கு இவ்வளவென வேலையற்ற கலைஞர் நிதிக்குச் செலுத்த முதலாளிகள் இணங்கினர். வெற்றிக்கு விலையும் இருந்தது: இடைக்காலத்தில் வாத்தியமின்றிப் பதிவு செய்த தனிப்பாடகர்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டனர். 1944இல் நடன அரங்குகள் மீது 30 சதவீத வரி விழுந்தது; பின் அது 20ஆகக் குறைந்தும் சுமை நீங்கவில்லை. பதினைந்து பேருக்குக் கூலி கொடுப்பதினும் ஒரு பாடகருக்குக் கொடுப்பது இலாபமெனக் கண்டது மூலதனம். 1946இன் இறுதியில் சில வாரங்களுக்குள் குட்மன், டொமி டோர்சி, ஹரி ஜேம்ஸ் முதலியோர் தம் குழுக்களைக் கலைத்தனர்.

எலிங்டனும் பேசியும் தாக்குப்பிடித்தனர். 1963இல் எலிங்டனின் குழுவை அமெரிக்க அரசே தன் நாட்டுச் சுதந்திரத்தின் சான்றாக ஆசியாவுக்கு அனுப்பிற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் அவர்கள் வாசித்தனர். அப்பயணம் தொடங்கிய செப்டெம்பரின் 15ஆம் நாள் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் நிறவெறியர் வைத்த குண்டு தேவாலயத்திலிருந்த கறுப்பினச் சிறுமியர் நால்வரைக் கொன்றது. கொட்டன் கிளப்பின் வாயிற்கதவு உலக அளவில் விரிந்திருந்தது, அவ்வளவே. ஆனால் அனுப்பியவரின் நோக்கம் கேட்டவரின் செவியைக் கட்டுப்படுத்தவில்லை. கேட்டவர்க்குக் கிடைத்தது அரசின் விளம்பரமன்று. ஒரு மக்களின் மேதைமை.

ஸ்விங் இசையின் நீடித்த கவர்ச்சிக்கு நாம் காணும் விடை இதுவே. சேர்ந்திழுக்கும் மனிதரின் தாளம் அதில் உறைந்து கிடக்கின்றது. விற்றவன் மாறினான், வாங்கியவன் மாறினான். ஆக்கியவரின் உடல் அசைந்த விதம் மாறாமல் நிற்கின்றது. தனித்தனியே அறைகளில் அமர்ந்து தனித்தனிச் செவிக்கருவிகளில் பாட்டுக் கேட்கும் இந்நாளில், பதினைந்து பேர் ஒரே மூச்சாக எழும் ஒலி நம்மைத் தீண்டுவது அதனாலேயே. இழந்துகொண்டிருக்கும் கூட்டுவாழ்வை அது நினைவூட்டுகின்றது.

எனில், நம் கரையிலுள்ள கூட்டுத்தாளத்தின் நிலை யாது? போர்க்காலத்தின் தடைகளும் இடப்பெயர்வுகளும் கடற்றொழிலைப் பல ஆண்டுகள் முடக்கின. 2004இன் கடற்கோள் வாடிகளை வாரிச் சென்றது. 2009இல் வன்னியிலிருந்து காயமுற்றோரைச் சுமந்து வந்த கப்பல் புல்மோட்டைக் கரையை நாடிற்று. வலைக்கயிற்றை இழுக்க உழவு இயந்திரம் வந்துவிட்ட இடங்களில் அம்பாவுக்கு வேலை இல்லை. முதுகு முறிய இழுத்தவர்க்கு இயந்திரம் ஓய்வு தருமாயின் அதனை நாம் எதிர்க்கப் போவதில்லை. உழைப்பின் துயரைப் பாட்டுக்காகப் பாதுகாக்கச் சொல்பவர் உழைத்தறியாதவர். ஆனால் ஓய்வு பெற வேண்டியது முதுகே தவிர, குரலன்று. பருத்திக் காட்டை விட்டு வந்தவர்கள் பாட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எலிங்டனும் இல்லை, பேசியும் இல்லை.

அவர்களது பாட்டு அரக்கில் பதிந்தது, அதனால் எஞ்சிற்று. நம்முடையது முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டும் பதிந்திருக்கின்றது. ஒலியைப் பதியும் கருவி இன்று மாணவன் ஒவ்வொருவனின் சட்டைப்பையிலும் கிடக்கின்றது. காட்டரக்கும் வேண்டாம், முதலாளியின் ஆலையும் வேண்டாம். விடுமுறை நாளில் ஆசிரியரும் மாணவரும் கரைக்குச் செல்லட்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களர் என்ற வேற்றுமை பாராது இழுவைப் பாட்டு அறிந்த முதியோரைத் தேடட்டும். பாடியவரின் பெயரையும் ஊரையும் அவரது இசைவுடன் பாட்டோடு சேர்த்தே குறித்து வைக்கட்டும். ஹென்டர்சனுக்கும் கோவாக் கலைஞருக்கும் வரலாறு செய்யத் தவறியது அந்தக் குறிப்பைத்தான்.